கொழுந்தும் இரும்பும்

சென்ற வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். பச்சைக் கொழுந்தின் ஈரத்தை அளக்கும் சிறு கருவியொன்றைத் தோழர் இருவருடன் கூடி ஆக்கியிருக்கிறார். "பெரிய கொம்பனியொன்று அழைக்கிறது, சேர். இப்போதே போனால் எங்களை விழுங்கிவிடுமோ என்று அஞ்சுகிறோம். கருவியைக் குறையின்றி முடித்த பின் போகலாமா?" என்று கேட்டார்.

உடனே விடை கூறாது, அவரை ஹந்தானைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே 1925ஆம் ஆண்டில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை, 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. பழைய பொறிகளின் முன் நின்று, வில்லியம் ஜாக்சனின் கதையைச் சொன்னோம்.

ஜாக்சன் அசாமில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். கொழுந்தைக் கையால் உருட்டிய அக்காலத்தில், 1872 அளவில், உருட்டும் பொறியொன்றை அமைத்தார். கொழுந்தின் இயல்பை அவர் அறிவார். ஆனால், இரும்பு வார்க்கும் உலையோ பெருமுதலோ அவரிடம் இல்லை. இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கொம்பனியாரிடம் அவை இருந்தன. கொழுந்தைப் பற்றிய அறிவு இல்லை. இருவரும் கூடினர். உருட்டும் பொறியோடு கூட்டு முடிந்துவிடவில்லை. உலர்த்தும் பொறியும் தரம் பிரிக்கும் பொறியும் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. 1872இல் ஓர் இறாத்தல் தேயிலை ஆக்க 11 பென்ஸ் செலவாயிற்று. 1913இல் அது ஏறக்குறைய 3 பென்ஸ் ஆகக் குறைந்தமைக்கு அப்பொறிகள் பெருங்காரணம்.

எல்லாம் முடிந்த பின் போவோம் என்று சிறியவர் காத்திருந்தால், தோட்டத்தில் பொறி காட்டும் குறைகளைத் திருத்தக் கைப்பணம் போதாது. புதுமை முதிரட்டும் என்று பெரியவர் காத்திருந்தால், அதைப் பிறர் கொண்டுபோவர். தொடக்கத்திலேயே கூடினால் திருத்தமும் எளிது, செலவும் குறைவு.

ஆயினும் அச்சத்திலும் நியாயம் உண்டு. மாலையில் கண்டி மகியாவை மயானத்துக்குச் சென்றோம். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெயிலர் அங்கே உறங்குகிறார். இலங்கைத் தேயிலைக்கு வழி வகுத்த அவர் தோட்டத்தின் சொந்தக்காரர் அல்லர். சம்பளம் பெற்ற துரை. 1892இல் உரிமையாளர் அவரை விலகச் சொல்லினர். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

"தம்பி, காலம் தாழ்த்தாமல் கூடுங்கள். ஆனால், கருவியை எவருக்கும் காட்டுமுன் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் பங்கு எவ்வளவு, இனிவரும் திருத்தங்கள் எவருக்கு உரியன என்பவற்றை எழுத்திற் பெற்றுக் கையொப்பமிடுங்கள்" என்றோம்.

அவர் கல்லறையைச் சற்று நேரம் நோக்கி நின்றார். "விண்ணப்பத்தை நாளைக்கே எழுதுகிறோம், சேர்" என்றார்.