கொன்னம்பட்டை

கொன்றை என்று சொன்னால் போதும், நம்ம தமிழய்யாக்கள் நேரே சிவன் சடையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். முல்லைத்திணையின் கார்காலத்துப் பூ, தேவாரத்து ஈசன் சூடும் பூ, ஒளவையின் 'கொன்றை வேந்தன்'. எம்.ஏ. வகுப்பில் ரெண்டு வருசமும் இதே பாட்டுத்தான். அந்த மரத்துக்குப் பட்டை என்று ஒன்று இருப்பதாக ஒரு வாத்தியாரும் வாய் திறக்கவில்லை.

எங்க தாத்தாவுக்குப் பட்டைதான் தெரியும். ஆவாரம்பட்டை, கொன்னம்பட்டை. இடிச்சு ஊறப்போட்ட தண்ணியிலதான் தோல் பதமாகும். பட்டையோட துவர்ப்பு தோலை அழுகவிடாது. திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடித் தொட்டிகளில் இறங்கி நின்ற கால்கள் யாருடையவை? பிற்பாடு வாட்டில் பட்டை வந்தது, குரோம் வந்தது. தொட்டியில் இறங்குகிற சாதி மாறவில்லை.

கொன்றை சூடியவன் கோயிலுக்குப் பேரிகைத் தோலும் வாரும் கொடுத்தவர் நந்தன். நான் சொல்லலை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரே சொல்கிறார். கொடுத்த தோல் உள்ளே போனது, கொடுத்தவர் திருப்புன்கூர் வாசலில் நின்றார். நந்தி விலகியதாம்! நந்தனை உள்ளே விடத்தான் ஆளில்லை. தில்லையிலோ நெருப்பில் இறங்கினால்தான் உள்ளே. தோல் சுத்தம், தோலைத் தொட்ட கை தீட்டு. என்ன கணக்குய்யா இது? பூவைத் தலையில் வைக்கிறவனுக்கு அதே மரத்துப் பட்டை வாடை மட்டும் ஏன் குமட்டுது?

கேரளத்தில் இதுதான் மாநிலப் பூ, விசுக்கணியில் முதல் மரியாதை. இருக்கட்டும். நம்ம பாடநூல்காரர்கள் அடுத்த தடவை கொன்றைக்கு உரை எழுதும்போது பட்டைக்கும் நாலு வரி எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் கேட்டு எழுதலாம். தோல் ஷாப்பில் வேலை பார்த்த கிழவர்கள் சேரியில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.