கோழியைக் குற்றம் சொல்வதற்கு முன்பு...

சில மாதங்களுக்கு முன்பு உறவினர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஏழரை வயதுப் பேத்திக்கு மார்பக வளர்ச்சி தொடங்கிவிட்டதைத் தாழ்ந்த குரலில் சொன்ன பாட்டி, அதே மூச்சில் தீர்ப்பையும் வழங்கிவிட்டார்: “எல்லாம் இந்த பிராய்லர் கோழியால வந்த வினை. வாங்கிக் குடுக்காதேன்னு இவகிட்ட எத்தனை தடவ சொன்னேன்!” அருகில் நின்ற மருமகள் தலைகுனிந்தார். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். “இதுக்கெல்லாமா டாக்டரு?” என்பதே பதில்.

கோழிக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதுதான் சிறுமிகளை விரைவில் பூப்பெய்தச் செய்கிறது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. பிராய்லர் கோழி வேகமாக வளர்வதற்குத் தலைமுறை தலைமுறையாக நடந்த இனத்தேர்வும் தீவனமுமே காரணம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். இறைச்சியில் இருந்தாலும் அடுப்பிலும் குடலிலும் சிதைந்துவிடும். (பண்ணைகளில் ஆன்டிபயாடிக் பயன்பாடு பற்றிய கவலை நியாயமானது, ஆனால், அது வேறு வழக்கு.)

அப்படியானால் பருவத்தைத் தொடங்கிவைப்பது எது? விடை தேட உதவியவை ரீசஸ் குரங்குகள். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் ‘ஜிஎன்ஆர்ஹெச்’ என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சினைப்பையையோ விரையையோ இயங்கவைக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1980இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பருவமடையாத பெண் குரங்குகளுக்கு இந்த ஹார்மோனை மணிக்கு ஒருமுறை சிறு துடிப்பாகச் செலுத்தினார்கள். அவற்றுக்கு மாதச்சுழற்சி தொடங்கியது, கருமுட்டையும் வெளியானது. செலுத்துவதை நிறுத்தியதும் அவை பழையபடி குழந்தைப் பருவ நிலைக்குத் திரும்பிவிட்டன!

சினைப்பையும் பிட்யூட்டரியும் முன்பே ஆயத்தமாகத்தான் இருக்கின்றன. அவை காத்திருப்பது மூளையின் கட்டளைக்காக. அந்தக் கட்டளையும் புதியதன்று. மனிதக் குழந்தைக்குப் பிறந்த முதல் சில மாதங்களில் இந்தத் துடிப்பு இயங்குகிறது. பிறகு மூளையே அதை ஆண்டுக்கணக்கில் அடக்கிவைக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எய் தெரசாவா குழுவினர், பருவமடையாத குரங்குகளின் மூளையில் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுத்தபோது ஜிஎன்ஆர்ஹெச் சுரப்பு உயர்ந்தது. ஆக, பருவமடைதல் என்பது பெருமளவு ஒரு கடிவாளம் தளர்கிற நிகழ்வு.

தளர்த்துவது யார் என்பதற்கு 2003இல் ஒரு துப்பு கிடைத்தது. கிஸ்பெப்டின் என்ற மூளைப் புரதத்தை உணரும் ஏற்பி பழுதானவர்கள் பருவமடைவதில்லை என்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. 2013இல் எம்கேஆர்என்3 என்ற மரபணு வெளிச்சத்துக்கு வந்தது. அது பழுதானால் கடிவாளம் முன்கூட்டியே தளர்ந்துவிடும். இந்த மரபணுவில் தந்தையிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்யும். தலைகுனிந்து நின்ற அந்த மருமகளை நினைத்துக்கொள்கிறேன்.

இதனால் சூழலுக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. உடல் பருமனுக்கும் சிறுமிகளின் முன்கூட்டிய பருவ மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2020 ஊரடங்கின்போது இத்தாலிய மருத்துவமனைகளுக்கு இத்தகைய சிறுமிகள் வழக்கத்தைவிட அதிகமாக வந்தனர். டென்மார்க் ஆய்வு ஒன்றோ நம் அவசரத் தீர்ப்புகளைத் தடுமாறவைக்கிறது. கோபன்ஹேகன் சிறுமிகளிடம் 1990களின் தொடக்கத்துடன் ஒப்பிட்டால், 2006 அளவில் மார்பக வளர்ச்சி ஏறத்தாழ ஓராண்டு முன்னதாகவே தொடங்கியது. முதல் மாதவிடாயின் வயதோ சில மாதங்கள் மட்டுமே குறைந்திருந்தது. பிட்யூட்டரி ஹார்மோன்களின் அளவிலும் வேறுபாடு இல்லை. அதாவது, உடலில் மாற்றம் தெரிந்தாலே மூளையின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டதாகப் பொருள் கொள்ள முடியாது. எது எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்பும் ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றங்கள் தெரிந்தால் மருத்துவரிடம் செல்வது அவசியம். சிறுவர்கள் விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியம் ஆபத்தானது. மூளைக் கட்டி போன்ற காரணம் மறைந்திருக்கும் வாய்ப்பு அவர்களிடம்தான் அதிகம். கவனிக்காமல் விட்டால், இன்று வகுப்பிலேயே உயரமாகத் தெரிகிற குழந்தையின் எலும்பு முனைகள் விரைவில் மூடிக்கொண்டு, வளர்ச்சி பாதியில் நின்றுவிடும்.

சிகிச்சை இருக்கிறது. அதுவும் குரங்குகள் கற்றுத்தந்ததே. ஜிஎன்ஆர்ஹெச்சைத் துடிப்புகளாக அல்லாமல் இடைவிடாமல் கொடுத்தால் பிட்யூட்டரி அடங்கிவிடுகிறது என்பதை நோபில் குழுவினர் 1978இல் கண்டனர். மாதம் ஒருமுறையோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ போடப்படும் இன்றைய ஊசிகள் அந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன. நிறுத்தினால் பருவம் மீண்டும் தன் வழியில் தொடரும். ஆனால், காலம் கடந்து வருபவர்களுக்கு இழந்த உயரத்தை மீட்டுத்தர இயலாது. பள்ளி மருத்துவ முகாம்களில் உயரத்தை ஆண்டுதோறும் அளந்து ஒப்பிட்டாலே பல குழந்தைகளை உரிய நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அளப்பதோடு சரி, ஒப்பிடுவோர் அரிது.

நான் வற்புறுத்திய பிறகு அந்தச் சிறுமியை அழைத்துச் சென்றார்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணித்தார்கள். ஹார்மோன் அளவையும் பார்த்தார்கள். மூளையின் கடிகாரம் இன்னும் விழிக்கவில்லையாம். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பாட்டி மட்டும் இன்றுவரை அந்த வீட்டில் கோழி வாங்க விடுவதில்லை.