வானிலிருந்து விழுந்த முதற் குண்டு

குண்டுவீச்சு விமானம் பிறப்பதற்கு முன்னரே அது தடைசெய்யப்பட்டிருந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். 1899 இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், பலூன்களிலிருந்தோ அவை போன்ற புதிய சாதனங்களிலிருந்தோ குண்டு வீசுவதில்லை என ஐந்தாண்டு காலத்துக்கு உறுதி பூண்டன. விமானமே இல்லாத காலம் அது. கையொப்பமிடுவதில் பெரும்பாலான நாடுகளுக்குச் சிரமமிருக்கவில்லை. 1903 இல் ரைட் சகோதரர்கள் பறந்தனர். 1907 இல் அத்தடை புதுப்பிக்கப்பட்டபோது ஜேர்மனியும் பிரான்சும் கையொப்பமிடவில்லை. இயலாத காலத்தில் அறம் பேசுவதும் இயன்றபின் அதை மறப்பதும் வல்லரசுகளின் வழமை.

1911 நவம்பர் 1 ஆம் திகதி, லிபியாவில் ஒத்தோமான் படைகளுடன் போரிட்ட இத்தாலியின் லெப்டினன்ட் ஜூலியோ கவோத்தி, தாம் செலுத்திய விமானத்திலிருந்து நான்கு சிறு குண்டுகளைக் கையாலேயே வீசினார். வைத்தியசாலை தாக்கப்பட்டதாக ஒத்தோமான் தரப்பு முறையிட்டது. இத்தாலி அதனை ஏற்கவில்லை. வானை அண்ணாந்து பார்த்தே போர்க்காலத்தைக் கழித்த நமக்கு இந்த வாதப் பிரதிவாதம் புதிதன்று. அதன் வயது, குண்டுவீச்சின் வயதேதான்.

முதலாம் உலகப் போர் இக்கருவியை அசுர வேகத்தில் வளர்த்தது. ரஷ்யாவில் சிக்கோர்ஸ்கி வடிவமைத்த நான்கு இயந்திர விமானமான 'இல்யா மூரொமெற்ஸ்', பயணிகளுக்காக உருவானது. 1913 இல் முதன்முதலாகப் பறந்த அது, 1915 இல் குண்டு சுமந்தது. ஜேர்மனியின் ஸெப்பலின் வான்கப்பல்கள் அதே ஆண்டு இங்கிலாந்தைத் தாக்கின. பின்னர் இரட்டை இயந்திர 'கோதா' விமானங்கள் வந்தன.

1917 ஜூன் 13 ஆம் திகதி பகல்வேளையில் கோதா விமானங்கள் லண்டனைத் தாக்கின. 162 பேர் மாண்டனர். பொப்லர் பகுதியில் ஒரு குண்டு பாடசாலைக் கூரையைத் துளைத்து, மாடிகளைக் கடந்து, தரைத்தளத்தில் பாலர் வகுப்பில் வெடித்தது. பதினெட்டுப் பிள்ளைகள் உயிரிழந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயதினர்.

இதனைக் குறிதவறிய விபத்தென்று கூறுவோர் உளர். அன்றைய குறிபார்க்கும் கருவி, பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து துறைமுகத்தையும் பாடசாலையையும் பிரித்தறியவல்லதன்று. அதை அனுப்பியவர்கள் அறியாதவர்கள் அல்லர். அதே ஆண்டு செப்டெம்பர் முதல் ஜேர்மானியர் இரவிலேயே லண்டனைத் தாக்கினர். இருளில் குறி இன்னும் மோசமாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தவறு குறியில் இல்லை. மக்கள் நெருங்கி வாழும் ஊரின்மேல் குண்டு வீசலாம் என்ற முடிவிலேயே இருந்தது.

பொப்லர் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் வடித்த பிரித்தானியா கண்ட பரிகாரம் என்ன? 1918 ஏப்ரலில் தனி விமானப்படை அமைத்தது; ஜூனில் ஜேர்மானிய நகரங்களைத் தாக்கவென்றே அதற்குள் ஒரு பிரிவையும் நிறுவியது. அந்நகரங்களிலும் பாலர் வகுப்புகள் இருந்தன. பழிக்குப் பழி என்ற நியாயத்தை ஏற்றுக்கொண்ட பின்னர், அடுத்த குண்டு எவர் பிள்ளைமீது விழும் என்பது மட்டுமே எஞ்சும் கேள்வி.