ஆறு வாரம் அசையாத கார்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினால் சிராங்கூன் ரோட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை, பெட்டியின் எடை. முஸ்தபாவில் வாங்கியதைத் திருச்சி வரை கொண்டுபோக வேண்டுமே! வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்போம், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வோம். புளோக்குக்குப் பின்னால் நிற்கும் காரைப் பற்றிக் கேட்டால், “அது பாட்டுக்கு நிற்கட்டும்” என்பதுதான் பதில்.

நிற்பதற்கும் செலவு உண்டு. ஒரு லட்சம் வெள்ளிக்கு சிஓஇ எடுத்தவருக்குப் பத்தாண்டுக் கணக்கில் ஒரு நாளைக்கு 27 வெள்ளிக்கு மேல் வருகிறது. ஆறு வாரம் நின்றால் ஏறத்தாழ 1,150 வெள்ளி. அதைத் தடுக்க வழியில்லை. அதற்கு மேல் பழுதுச் செலவும் சேராமல் பார்த்துக்கொள்ளலாம்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கொவிட்-19 முறியடிப்புக் காலத்தில், இந்த ஊரில் பலருடைய கார்கள் எட்டு வாரம் நின்ற இடத்திலேயே நின்றன. எங்கள் அடுக்குமாடிக் கார் நிறுத்தகத்தில் ஜூன் மாதத் தொடக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் திறந்த பானெட்தான். அண்ணன் ஒருவர் தன் புதிய ஹைபிரிட் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கு, எப்படித் தம்பி செத்துப்போகும்?” என்று கேட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பேட்டரி வேறு. காரின் கணினியை எழுப்பும் 12 வோல்ட் சின்ன பேட்டரி வேறு. சின்னது படுத்துவிட்டால் பெரியது விழிக்காது. மின்சாரக் காருக்கும் இதே கதைதான்.

அணைத்துப் பூட்டிய காரும் முழுதாகத் தூங்குவதில்லை. திருட்டு எச்சரிக்கை மணி, கடிகாரம், சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் கருவி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கின்றன. 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 42 நாளில் அது 30 ஆம்பியர் ஹவர் ஆகிவிடும். சின்ன காரின் பேட்டரி மொத்தமே 45 ஆம்பியர் ஹவர் அளவுதான். இதோடு, நிறுத்தியிருக்கும்போதும் படம் பிடிக்கும் டேஷ்கேமை அணைக்காமல் போனால் சில நாளிலேயே கதை முடிந்துவிடும். வெறுமையாகக் கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு திரும்பாது. நம் ஊர் வெப்பம் வேறு அதை விரைவுபடுத்தும்.

“தம்பியை விட்டு வாரம் ஒருமுறை கீழே போய்ப் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்யச் சொல்லியிருக்கிறேன்” என்பவர்கள் உண்டு. இதனால் பெரிய பயன் இல்லை. ஸ்டார்ட் செய்ய இழுத்த மின்சாரத்தை, சும்மா ஓடும் எஞ்சின் பத்து நிமிடத்தில் முழுதாகத் திருப்பித் தரும் என்று நம்ப முடியாது. புகைக்குழாயில் ஈரம் தங்குவதுதான் மிச்சம். அதைவிட முக்கியம், வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு எஞ்சினை வெறுமனே ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும். தம்பி அரைமணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வரட்டும். ஆனால் உங்கள் காப்புறுதி அவர் ஓட்டுவதை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். வயது குறைந்த, அனுபவம் குறைந்த ஓட்டுநர் என்றால் விபத்தின்போது நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை பெரிதாக இருக்கும். யாரும் இல்லையா? பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போகலாம். சில புதிய கார்களில் அப்படிச் செய்தால் சில அமைப்புகள் அழியும் என்பதால் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

டயருக்குக் காற்று அடித்துவிட்டுப் போனால் போதும். கதவோரத்தில் எழுதியுள்ள அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக்கூடாது. பெட்ரோல் ஆறு வாரத்தில் கெட்டுவிடாது.

ஈரப்பதம்தான் நம் ஊரின் நிரந்தர விருந்தாளி. கடைசிப் பயணத்தில் வீடு வரச் சில நிமிடம் இருக்கும்போதே ஏர்கானை அணைத்து, விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே தங்கிய நீர் காய்ந்துவிடும். இல்லையென்றால் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் பழைய சாக்கு வாடைதான். பிள்ளையாருக்குச் சாத்திய மல்லிகைச் சரத்தையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், பூஞ்சைக்குத்தான் ஏமாற்றம். குழந்தை இருக்கைக்கு அடியில் உதிர்ந்த முறுக்குத் தூளையும் கூட்டுங்கள். அதைத் தேடி வரும் எலி, முறுக்கோடு நிற்காது, வயரையும் கடிக்கும்.

சாலை வரி, காப்புறுதி, மாதாந்தரக் கார் நிறுத்தக் கட்டணம் மூன்றும் எப்போது முடிகின்றன என்று விமானம் ஏறுமுன் பாருங்கள். சாலை வரி முடிந்த காரை வைத்திருப்பதே தவறு, ஓட்டவில்லை என்ற வாதம் எடுபடாது. மூன்றாண்டு கடந்த கார் என்றால் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் பரிசோதனையும் இடையில் வரலாம்.

திரும்பி வந்தபின் பேட்டரி படுத்திருந்தால் ஜம்ப் ஸ்டார்ட்தான். சிவப்புக் கம்பியின் ஒரு முனை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். பிறகு கறுப்பு, நல்ல பேட்டரியின் நெகட்டிவில். கறுப்பின் கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாதீர்கள். தள்ளியிருக்கும் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம், பக்கத்தில் பொறி பறந்தால் ஆபத்து. ஹைபிரிட், மின்சாரக் கார்களுக்கு முறை வேறு என்பதால் கையேடோ மெக்கானிக்கோ சொல்லட்டும்.

முதல் சில பிரேக்குகளில் கரகரவென்று சத்தம் வரும். வட்டுகளில் படிந்த மெல்லிய துரு அது, கொஞ்ச தூரத்தில் போய்விடும். போகாவிட்டால் பட்டறைக்குப் போங்கள். சாவியைத் திருப்புமுன் பானெட்டை மட்டும் இரண்டு தட்டு தட்டிவிடுங்கள். நம் புளோக் பூனைகளுக்கு, ஆறு வாரம் யாரும் தொடாத எஞ்சின் அறையைவிட நல்ல படுக்கை கிடைப்பதில்லை.