பேசிக் படித்தால் மூளை கெட்டுப்போகுமா?

கம்ப்யூட்டர் படிப்பவர்கள் மத்தியில் ஒரு பழைய வியாதி உண்டு. யாராவது எளிமையான ஒரு மொழியில் புரோகிராம் எழுதப் பழகினால் போதும், "இதெல்லாம் ஒரு லாங்வேஜா?" என்று ஒரு இளக்காரச் சிரிப்பு! அந்தச் சிரிப்பை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்ட மொழி பேசிக்.

1975இல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு மேதை, பேசிக் பழகிய மாணவர்களுக்கு நல்ல புரோகிராமிங் சொல்லித் தருவது ஏறக்குறைய முடியாத காரியம், அவர்கள் மூளை சிதைந்தவர்கள் என்கிற ரீதியில் எழுதிவிட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்கு அதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். அதே குறிப்பில் அவர் ஃபோர்ட்ரான், கோபால் (நம்ம ஊர் கோபால் இல்லை), ஏபிஎல் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அதை மட்டும் ஒப்பிக்க மாட்டார்கள்.

பேசிக் யாருக்காகப் பிறந்தது? அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, குர்ட்ஸ் என்று இரண்டு கணிதப் பேராசிரியர்கள். அங்கே பெரும்பாலான மாணவர்கள் அறிவியல் பக்கமே வராதவர்கள். நாளைக்கு முடிவெடுக்கிற நாற்காலிகளில் உட்காரப்போகிறவர்கள் கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போனால் எப்படி என்பதுதான் இருவரின் கவலை. அப்போதிருந்த ஃபோர்ட்ரானில் ஒரு எண்ணுக்கு வைக்கும் பெயர் 'ஐ' முதல் 'என்' வரையுள்ள எழுத்தில் தொடங்கினால் அது முழு எண், இல்லையென்றால் தசம எண். வரலாறு படிக்கிற பையனுக்கு இது எதற்கு? போதாக்குறைக்கு அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். டார்ட்மத்தில் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் குர்ட்ஸ் அந்த அட்டைகளோடு ரயிலேறி எம்.ஐ.டி. வரை போய்வந்தவர்!

1964 மே 1, அதிகாலை 4 மணிக்கு முதல் பேசிக் புரோகிராம்கள் ஓடின. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளலாம். உள்ளே நுழைய 'ஹலோ' என்று டைப் அடித்தால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. 'கோட்டூ' போட்டு அங்கேயும் இங்கேயும் தாவினால் பெரிய புரோகிராம் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கொள்ளும். டைக்ஸ்ட்ராவின் கோபத்தில் நியாயம் உண்டு. கெமனியும் குர்ட்ஸும்கூட 1985இல் வரி எண் தேவைப்படாத 'ட்ரூ பேசிக்'கைக் கொண்டுவந்தார்கள். ஆனால் சைக்கிள் பழகுகிறவனிடம், இதில் லாரி ஓட்ட முடியாது என்று சண்டைக்குப் போவதில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் நடப்பது இன்னும் வேடிக்கை. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களில், பெரும்பாலும் அறிவியல் மாணவர்கள் எடுக்கும் கணினி அறிவியலுக்குப் பைத்தான் கிடைத்தது. பெரும்பாலும் வணிகவியல் மாணவர்கள் எடுக்கும் கணினிப் பயன்பாடுகளுக்கு? பேஜ்மேக்கரும் பிஹெச்பியும்! எளிய மொழி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு இல்லை. கெமனி செய்ததற்கு நேர் எதிர். கல்லூரிக்கு வந்தால் பல இடங்களில் நேராக 'சி'. 'ஸ்கேன்எஃப்'பில் ஒரு ஆம்பர்சண்ட் விட்டுப்போனால் புரோகிராம் செத்து விழும். ஏன் என்று புரிய மெமரி முகவரி தெரிய வேண்டும். வட்டி கணக்குப் போட வந்தவன் அத்தோடு ஓடிப்போகிறான், 'நமக்கு இது வராது' என்று.

வரும். பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்றால் 72ஐ வட்டி விகிதத்தால் வகு என்பது வணிகவியல் மாணவர்களின் மனப்பாட விதி. பேசிக்கில் இதைச் சோதிக்க ஆறே வரி. 'லெட்' போட்டு 10,000 ரூபாய், 'ஃபார்' போட்டு வருடங்கள், உள்ளே 1.08ஆல் பெருக்கு, 'பிரிண்ட்', 'நெக்ஸ்ட்', 'எண்ட்'. 8 சதவீதத்துக்கு விதி 9 வருடம் என்கிறது. திரையில் வருவது 19,990. பத்து ரூபாய்தான் குறைவு, சபாஷ்! இப்போது 1.08ஐ அழித்துவிட்டு 1.36 போடலாம், கந்துவட்டிக்காரர் கணக்கு. விதிப்படி 2 வருடம். திரையில் 18,496தான். 1,504 ரூபாய் உதைக்கிறது. அந்த விதியைப் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கிய எத்தனை பேருக்கு இது தெரியும்?