தரங்கம்பாடிக் கரை யாருக்கு?



டூர் என்றதும் நம் வாயில் ஊட்டி, கொடைக்கானல், கோவா என்றுதான் வருகிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை என்று பஸ் மாறிப் போனால் மதியத்துக்குள் சேர்ந்துவிடக்கூடிய தரங்கம்பாடியை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 'தரங்கம்' என்றால் அலை. பெயருக்கேற்ற ஊர்தான்! வாடைக்காற்று காலத்தில் போய் நின்றால் பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. சென்ற கார்த்திகையில் நாங்கள் நாலு பேர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தோம்.

1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்ததும், அவர்கள் டேன்ஸ்போர்க் கோட்டை கட்டியதும், 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனதும் புத்தகத்தில் இருக்கிறது. சிவில் படிக்கிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் உப்புக் காற்றில் எத்தனை நூற்றாண்டு நிற்கிறது என்று பாருங்கள். அதே சுவரில் சிமெண்ட் பூசிய இடத்தில் உப்பு ஈரம் வெளியேற வழியில்லாமல் பொருக்கு விட்டுக் கிடக்கிறது. கரையோரமாக நடந்தால் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

கடலைப் பார்த்த பழைய பங்களாவைச் செப்பனிட்டு ஓட்டலாக்கியிருக்கிறார்கள். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. அதைப் பார்த்துத்தான் நண்பன் ஒருவன், "இந்தப் படகு, வலையெல்லாம் அப்புறப்படுத்திட்டா அசல் கோவாடா!" என்றான். அவன் மட்டுமா? சுற்றுலா வளர்ச்சி என்று பேசுகிற பலர் மனதிலும் இருப்பது இதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

2004 சுனாமி இந்தக் கரையை என்ன செய்தது என்று நம் மாவட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த ஆண்டு அரசு ஓர் ஆணை போட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் புது வீடு இலவசம். போகாவிட்டால் பழைய வீட்டைத் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. உயிருக்குப் பயந்து எடுத்த முடிவு, அதில் நியாயம் உண்டு. ஆனால் மீனவருக்கு வீட்டு வாசல்தான் ஆபீஸ். தண்ணீரின் நிறத்தையும் காற்றின் போக்கையும் வாசலில் நின்று பார்த்துத்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். எஞ்சினையும் வலையையும் காவல் காக்க வேண்டும். அவரைத் தள்ளிப் போகச் சொன்ன அதே கோட்டுக்குள் விருந்தாளிக்குக் கட்டில் போடலாமா? பழைய கட்டடம், சட்டப்படி தப்பில்லை என்பார்கள். சரி, அது பழையது. நாளைக்கு அதைக் காட்டி அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று கேட்டால்?

கடற்கரை விடுமுறைக் கிராமம் என்ற யோசனை மத்தியதரைக் கடல் பக்கம் பிறந்தது. 1950இல் மயோர்க்கா தீவில் வெறும் கூடாரங்களோடு ஆரம்பித்த கிளப் மெட், பிறகு ஸ்பெயினின் கேப் தி கிரெயுஸ் என்ற முனையில், காற்று பிய்த்தெடுக்கும் பாறைக்கரையில், ஒரு கிராமத்தையே கட்டியது. 1998இல் அந்த முனை இயற்கைப் பூங்காவானது. கிராமம் மூடப்பட்டு, 2010க்குள் 400க்கு மேற்பட்ட கட்டடங்களைப் பிரித்தெடுத்து அள்ளிக்கொண்டு போனார்கள்! கட்டிய செலவும் போச்சு, இடித்த செலவும் போச்சு. நாம் கட்டாமலேயே இருந்தால் இரண்டும் மிச்சம்.

சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரையில் முதல் உரிமை படகுக்கு என்று எழுதி வைத்துவிட்டு மற்றதைச் செய்யட்டும். ஊருக்குள் இருக்கும் வீடுகளிலேயே அறை வாடகைக்கு விடலாம். சமையல் அந்த வீட்டு அம்மாவுடையது, காசும் அவருக்கே. பகலில் வந்துபோகிற குடும்பங்களுக்கு நல்ல கழிப்பறையும் நிழலும் வேண்டும். இரவு கடைசி பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளி விடலாம்.

அடுத்த ஆண்டு பேரவை டூருக்கு இந்த ஊரையே போடும்படி கேட்டுக்கொள்கிறேன். கார்த்திகையில் வேண்டாம், கடல் முரட்டுத்தனமாக இருக்கும். மாசி, பங்குனியில் போகலாம். காலையில் படகு திரும்பி மீன் ஏலம் போவதைப் பார்க்க வேண்டுமானால் முதல் நாள் இரவே போய்த் தங்கியாக வேண்டும்.