கையில செல்போன்... முதலுதவி தெரியுமா?

மல்லாங்கிணறு: ‘டமார்’ என்று சத்தம் கேட்டால் போதும், பட்டாசு ஊர்களில் ஜனங்கள் அந்தப் பக்கம்தான் ஓடுவார்கள். காப்பாற்ற சிலர், செல்போனில் படம் பிடிக்க சிலர்.

2012 செப்டம்பர் 5-ந்தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலையில் சுமார் 40 பேர் பலியானார்கள். அதில் பலர் உதவப் போனவர்கள், வேடிக்கை பார்க்கப் போனவர்கள். மறுபடி வெடித்ததில் சிக்கிக்கொண்டார்கள்.

அதனால் முதல் வேலை, தள்ளி நின்று 108-க்கு போன் போடுவது. இடம், காயம்பட்டவர் எண்ணிக்கையை சொல்லுங்க. சட்டுனு போனை வைக்காதீங்க. ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் இரண்டு கையும் உதவிக்கு கிடைக்கும். வெளியே வந்தவரின் தீக்காயத்தில் 20 நிமிடம் குழாய் தண்ணீர் விடணும். ஐஸ், பேஸ்ட், மை கூடவே கூடாது.

சிங்கப்பூரில் 2015 முதல் ‘மைரெஸ்பாண்டர்’ என்ற ஆப் இருக்கிறது. யாருக்காவது இதயத்துடிப்பு நின்றால், பக்கத்தில் உள்ள தன்னார்வலரின் செல்போனுக்கு தகவல் பறக்கும். ஆம்புலன்சுக்கு முன்பே அவர் ஆஜர்!

இங்கேயும் அப்படி ஒரு ஆப் வரலாம். ஆனால் தகவல் வந்து என்ன, கைக்கு முதலுதவி பழக்கம் வேணுமே? ஊருக்கு பத்து பேருக்காவது அதைப் பழக்கணும்.

வீடியோவை நாளைக்கும் பார்க்கலாம். போன உயிர் திரும்புமா?